நொய்யல் சாயக்கழிவு: நுண்ணுயிர் தின்றதும் தின்ன முடியாததும்

பாக்டீரியாவை விட்டால் நொய்யல் சுத்தமாகிவிடும் என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் உண்டு. அதெல்லாம் ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தண்ணீரில் கலந்திருப்பது என்ன, அதில் எது ஓர் உயிருக்குச் சாப்பாடாகும்? திருப்பூர்ச் சாயக்கழிவின் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால், நுண்ணுயிரிகளின் பலமும் எல்லையும் சேர்ந்தே தெரிகின்றன.

ஆறும் வழக்கும்

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் கிளம்பும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் ஆற்றுக்குச் சொந்தத் தண்ணீர் குறைவு. ஊர்கள் எதை விடுகின்றனவோ அதுதான் ஓடும்.

பனியன் தொழில் ஏற்றுமதிக்குத் திரும்பிய பிறகு சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் பட்டறைகளும் பெருகின. அதே காலத்தில், சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. அணையைத் திறந்தால் கீழே கரூர் பக்கத்து வயல் கெடும். திறக்காவிட்டால் சுற்றியிருக்கும் கிணறுகள் கெடும். தண்ணீரே வேண்டாம், அணையைக் காலியாகவே வையுங்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீருக்காக ஏங்கும் ஒரு சீமையில் இது எவ்வளவு பெரிய கொடுமை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கடினம்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். பாதிக்கப்பட்ட விவசாயிகள் என்று கணக்கெடுக்கப்பட்டவர்கள் மட்டும் 28,000-க்கும் மேல். கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வந்தாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும், பல பட்டறைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. உப்பைப் பிரிக்கும் சவ்வுகளும், மிஞ்சும் உப்புத் தண்ணீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகளும் சேர்க்கப்பட்டு, நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்தன.

இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் சவ்வு வைத்த ஆர்.ஓ.வைப் பற்றிப் பேசுவார்கள், எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன்னால் இருக்கும், காற்று அடித்து நுண்ணுயிரிகளை வளர்க்கும், பழுப்பாகக் கொதித்துக்கொண்டே இருக்கும் ஏரேஷன் தொட்டியை யாரும் எண்ணுவதில்லை. அந்தத் தொட்டி படுத்துவிட்டால் பின்னால் இருக்கும் கோடிகள் எல்லாம் படுத்துவிடும்.

சாயத் தண்ணீரில் இருப்பவை

பருத்திப் பின்னல் துணிக்குப் போடுவது பெரும்பாலும், நூலோடு வினைபுரிந்து பிடித்துக்கொள்ளும் ரியாக்டிவ் சாயம். போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறாது. 100 கிலோவில் 60 முதல் 80 கிலோ வரை நூலைப் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு வினைபுரிந்து, இனி எந்த நூலையும் பிடிக்க முடியாத வடிவத்துக்கு மாறி, கழுவும் தண்ணீரில் வந்துவிடும். திரும்ப எடுத்துப் பயன்படுத்தவும் வழியில்லை.

அடுத்தது உப்பு. தண்ணீரில் கரைந்து மிதக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை, நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்துப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் நல்ல இயந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 60 கிராம் என்றால் ஒரு டன் துணிக்கு 360 கிலோ உப்பு. இதில் துணியோடு வீட்டுக்குப் போவது ஒன்றுமே இல்லை. அத்தனையும் கழிவுத் தண்ணீரில்தான்.

இதோடு சோடா உப்பு, சோப்பு, துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னர், பருத்தியிலிருந்து இறங்கும் மெழுகும் அழுக்கும், நடுநிலையாக்கப் போடும் அசிட்டிக் அமிலம். பிளீச்சிங் தண்ணீரில் மிஞ்சிய ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும். தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல் பின்னல் துணிக்குக் கஞ்சி கிடையாது. ஆகவே திருப்பூர்க் கழிவில் மாவுச்சத்து குறைவு. ஈரோடு, சோமனூர்ப் பக்கம் தறித் துணியை வெளுக்கும்போது இறங்கும் கஞ்சி வேறு கணக்கு, அது நுண்ணுயிரிக்கு நல்ல தீனி. ஒரே கொங்கு நாட்டுக்குள்ளேயே கழிவின் குணம் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓர் ஊரில் வேலை செய்த முறையை அப்படியே இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இந்தப் பட்டியலில் நுண்ணுயிரி விரும்பித் தின்பவை: அசிட்டிக் அமிலம், மெழுகு, சோப்பின் பெரும்பகுதி, கஞ்சி. சிரமப்பட்டு உடைப்பது சாயம். தின்னவே முடியாதது உப்பு.

தொட்டிக்குள் நடப்பது

ஏரேஷன் தொட்டியில் காற்று அடிப்பது நுண்ணுயிரிகள் மூச்சுவிடத்தான். தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்காவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலும் சூடான தண்ணீரிலும் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். சாயப்பட்டறைத் தண்ணீர் இரண்டும் சேர்ந்தது. அதனால்தான் இங்கே காற்றடிக்கும் புளோயர் ஓயாமல் ஓடுகிறது, மின்கட்டணமும் ஏறுகிறது.

தின்ற சாப்பாட்டில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகப் போகும். மீதி புதிய உடம்பாகும். அந்த உடம்புகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அடுத்த தொட்டியில் சகதியாகக் கீழே படியும். மேலே நிற்கும் தெளிவான தண்ணீர் ஆர்.ஓ. பக்கம் போகும். இங்கே தின்னாமல் விட்டது எதுவோ அது சவ்வில் போய் ஒட்டும். அதைவிட மோசம், தின்ன ஏதாவது மிஞ்சினால் நுண்ணுயிரிகள் சவ்வின் மேலேயே குடியேறிப் பிசினாகப் படர்ந்துவிடும். முதல் தொட்டியில் நமக்கு வேண்டப்பட்ட அதே உயிர், ஆர்.ஓ. கட்டத்தில் சவ்வை அடைக்கும் எதிரி. உயிரியல் தொட்டியில் வயிறு நிரம்பத் தின்னவைத்து, பின்னால் எதுவும் மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையின் மொத்த சாமர்த்தியம்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு பொது நிலையத்தில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். திருப்பூரில் தீபாவளி என்றால் வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பட்டறைகள் ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. தொட்டிக்குப் புதுத் தண்ணீர் வராது. திரும்ப எல்லாப் பட்டறைகளும் ஒரே நேரத்தில் திறந்தால், சூடான, காரம் ஏறிய, உப்பு மிகுந்த தண்ணீர் மொத்தமாக வந்து இறங்கும்.

நான் போனபோது தொட்டியின் மேல் வெள்ளை நுரை மதிலளவுக்குப் பொங்கி, காற்றில் பிய்ந்து ரோட்டுப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு திட்டின்மேல் வைத்தார். அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனை அது. தொட்டியில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கல்ச்சர் என்பார்கள், நன்றாக இருக்கும் கல்ச்சர் என்றால் ஐந்து நிமிடத்துக்குள் பழுப்புத் திரள்கள் பிரிந்து கீழே இறங்கத் தொடங்கும், மேலே தெளிந்துவிடும். அன்றைக்கு ஜாடியில் அடியில் விரல் கனத்துக்குக் கொஞ்சம் படிந்தது. மேலே முழுவதும் கலங்கலாகவே நின்றது. தனித்தனியாக உதிர்ந்துபோன பாக்டீரியாக்கள் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

"கல்ச்சர் பட்டினி கெடந்துருச்சுங்க சார். பசில கெடந்ததுக்கு மேல ஒரேடியா சுடுதண்ணிய ஊத்துனா என்ன பண்ணும்?" என்றார். "வெள்ளை நுரைன்னா ஆளு கம்மின்னு அர்த்தமுங்க. இதே நுரை பழுப்பாப் பிசுபிசுன்னு இருந்தா, கெழடு தட்டிருச்சு, சகதிய வெளிய எடுன்னு அர்த்தம்."

ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தபோதும் அவர் சொன்னதுதான். வழக்கமாகத் திரள்களின் ஓரத்தில் தண்டு வைத்த மணிபோல ஆடிக்கொண்டிருக்கும் ஒருசெல் உயிரிகளைக் காணோம். உப்போ நஞ்சோ திடீரென்று ஏறினால் முதலில் மறைவது அவைதான். உதிரி பாக்டீரியாவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பதும் அவைதான். அவை இல்லாததால் ஜாடி கலங்கலாக நின்றது.

அவர்கள் செய்த வைத்தியம் எளிமையானது. உள்ளே வரும் தண்ணீரைச் சமன்படுத்தும் தொட்டியிலேயே நிறுத்தி ஆறவைத்து, அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, வழக்கமான அளவில் ஒரு பங்கை மட்டும் ஏரேஷனுக்கு விட்டார்கள். நாட்டுச் சர்க்கரையையும் சாணியையும் தனித் தொட்டியில் கரைத்து ஊற்றினார்கள். யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து போட்டார்கள். சாயத் தண்ணீரில் கரிமச்சத்து இருக்கும், தழைச்சத்தும் மணிச்சத்தும் போதாது. 100 பங்கு உணவுக்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. தோட்டத்துக்கு உரம் வைப்பதுபோல் தொட்டிக்கும் உரம் வைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாகச் செய்ததுதான் முக்கியம். அதேபோல உப்பு ஏறிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் இன்னொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சகதியை டேங்கரில் வாங்கி வந்து கலந்தார்கள். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துச் சகதி அருகிலேயே கிடைக்கும், இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் அது நல்ல தண்ணீரில் வளர்ந்தது. லிட்டருக்கு ஆறாயிரம், ஏழாயிரம் மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் போட்டால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுபட்டு, பெரும்பகுதி வேலை செய்யாமல் போய்விடும். உப்புக்குப் பழகிய கூட்டம் உருவாக வாரக்கணக்கில் பிடிக்கும். அப்படி உருவான சகதிக்கு இந்த ஊரில் தனி மதிப்பு.

இரண்டாவது வாரத்தில் ஜாடி தெளிந்தது.

நிறம் போவது எப்படி

இங்கேதான் விளம்பரங்களும் உண்மையும் பிரிகின்றன. துவைத்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் மங்காத சாயம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அப்படித் தாக்குப்பிடிக்கத் தயாரித்த ஒன்றை, காற்றடிக்கும் தொட்டியில் இருக்கும் பாக்டீரியா எளிதில் உடைக்காது. ரியாக்டிவ் சாயம் நீரில் நன்றாகக் கரையும் வகை. அதனால் சகதியில் ஒட்டிக்கொண்டு வெளியேறுவதும் குறைவு. ஏரேஷன் தொட்டியைத் தாண்டிய தண்ணீர் துர்நாற்றம் இல்லாமல், தின்னக்கூடியவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நீங்கி வரும். ஆனாலும் சிவப்பாகவோ ஊதாவாகவோதான் வரும்.

நிறத்தை உடைக்க ஆக்சிஜன் இல்லாத தொட்டி வேண்டும். சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கோத்திருக்கும் இடத்தில்தான் நிறம் பிறக்கிறது. உணவை எரிக்கும் பாக்டீரியாவுக்குக் கையில் எலக்ட்ரான்கள் மிஞ்சும். ஆக்சிஜன் இருந்தால் அதனிடம் தள்ளிவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருக்கும் அந்த நைட்ரஜன் பிணைப்பின் மேல் தள்ளும். நான்கு எலக்ட்ரான்கள் ஏறினால் பிணைப்பு அறுந்து, சாய மூலக்கூறு இரண்டு துண்டாகும், நிறம் போய்விடும். பாக்டீரியாவுக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. அது சாப்பிடுவது வேறு உணவை. ஆகவே அந்த வேறு உணவு, சர்க்கரைப்பாகோ கஞ்சியோ, தொட்டியில் இருந்தாக வேண்டும்.

நிறம் போனதும் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. துண்டுகளாக மிஞ்சுபவை அரோமாட்டிக் அமைன்கள் என்ற வேதிப்பொருள்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படிப்பட்ட அமைன்களைத் தரும் அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனியும் பிறகு இந்தியாவும் தடை செய்தது திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். தடைசெய்யாத சாயங்களின் துண்டுகளையும் அப்படியே விட முடியாது. ஆக்சிஜன் இல்லாத தொட்டிக்குப் பிறகு ஆக்சிஜன் உள்ள தொட்டி கட்டாயம். முதல் கூட்டம் உடைக்கும், இரண்டாம் கூட்டம் அமைன்களைத் தின்னும். சாயத்தை நீரில் கரையவைக்கும் சல்ஃபோனிக் தொகுதி ஏறிய அமைன்கள் அந்த இரண்டாம் கூட்டத்துக்கும் கடினமான எலும்புதான்.

தாளில் இது அழகான திட்டம். திருப்பூரில் இதற்குக் குறுக்கே நிற்பது சோடியம் சல்பேட். திரும்ப எடுத்துப் பயன்படுத்தத் தோதானது என்பதால் பல பட்டறைகள் சாதா உப்பை விட்டுச் சல்பேட்டுக்கு மாறின. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் சல்பேட்டைச் சுவாசிக்கும் இன்னொரு பாக்டீரியா கூட்டம் உண்டு. அது பெருகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் அதன் ஆரம்பம் மட்டுமே. அளவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், தொட்டிக்குள் இறங்கிய ஆளைச் சில மூச்சிலேயே சாய்த்துவிடும். கழிவுத் தொட்டிகளில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் சாகும் செய்திகளுக்குப் பின்னால் இந்த வாயு இருக்கிறது. உயிர்போகும் இந்த ஆபத்தைச் சுத்திகரிப்பு முறையின் செலவுக்கணக்கில் யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும். இதே வாயுவை வேறொரு பாக்டீரியா கந்தக அமிலமாக்கி, தொட்டியின் கான்கிரீட் கூரையையே அரித்துவிடும்.

ஆகவே இங்கே பல நிலையங்கள் உயிரியல் தொட்டியைக் காற்றுள்ள கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, நிறத்துக்கு ஓசோன், குளோரின், ரெசின் என்று ரசாயன வழிக்குப் போயின. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. நுண்ணுயிரிக்கு எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்று தெரிந்து எடுத்த முடிவு அது.

உப்பு

உப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, சொல்ல வேண்டியது கனமானது. சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் தாதுக்கள். காற்றுள்ள தொட்டியில் அவற்றை எரித்து வாயுவாக்க எந்த உயிராலும் முடியாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் வெளியே விடக்கூடாது என்பது வரம்பு. ஏரேஷன் தொட்டிக்குள் எவ்வளவு உப்பு போகிறதோ ஏறக்குறைய அவ்வளவே வெளியே வரும். 2006-க்கு முன்பு பொது நிலையங்கள் ஓடியும் நொய்யல் கெட்டதற்கு இது முதன்மையான காரணம். அவை தின்னக்கூடியதைக் குறைத்தன, உப்பை ஆற்றுக்கு அனுப்பின. ஒரத்துப்பாளையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் இறங்கியது அந்த உப்புத்தான்.

இப்போது ஆர்.ஓ. தண்ணீரைப் பிரித்தெடுக்க, மிஞ்சும் செறிந்த உப்புத் தண்ணீரில் ஒரு பகுதி சாயத் தொட்டிக்கே திரும்புகிறது, மீதி ஆவியாக்கியில் வற்றுகிறது. சுத்தமான சல்பேட் மறுபடி பயன்படும். சாயமும் வேறு உப்புகளும் கலந்த கசடு மூட்டைகளாகக் கிடங்கில் அடுக்கப்படுகிறது. அந்த மூட்டைகளுக்கு நிரந்தர வழி வந்தால்தான் இந்த வழக்கு உண்மையில் முடியும்.

பவுடரும் பாட்டிலும்

சுத்திகரிப்பு நிலையங்களிலும் குளக்கரைகளிலும் நுண்ணுயிர்ப் பவுடர், கரைசல், உருண்டை விற்க ஆட்கள் வருகிறார்கள். எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். செத்த தொட்டியை எழுப்ப நல்ல கல்ச்சர் உதவும். ஆனால் வெளியிலிருந்து வந்த உயிரி, அந்த இடத்தின் உப்பு, சூடு, காரத்துக்குப் பழகிய உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட்டுத்தான் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்பதில்லை. 1989-ல் அலாஸ்கா கடலோரத்தில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது பலன் தந்ததும் உள்ளூர்ப் பாக்டீரியாவுக்குக் கடற்கரையில் உரம் போட்ட முறைதான். திருப்பூர் ஆபரேட்டர் யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து போடுவது அதே அறிவு.

விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டியவை: இது எந்தப் பொருளைத் தின்னும்? தின்ற பிறகு அது என்னவாகும்? எங்கள் தண்ணீரின் உப்பிலும் சூட்டிலும் இது வளர்ந்து காட்டியதுண்டா? டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, குறையும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நுண்ணுயிரியின் உதவி தொட்டிக்கு வெளியேயும் இருக்கிறது. பட்டறைக்குள்ளேயே, துணியின் சிலும்பைப் போக்கப் போடும் பயோ வாஷ் என்சைம் பூஞ்சையிலிருந்து எடுப்பது. பிளீச்சிங்குக்குப் பிறகு மிஞ்சும் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்சைமும் நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிப்பது. அலசுவதற்கான தண்ணீரை அது மிச்சப்படுத்துகிறது, ஏரேஷன் தொட்டிக்குள் பெராக்சைடு போய்க் கல்ச்சரைக் கொல்லாமலும் காக்கிறது. கழிவாக மாறும் முன்பே தடுக்கும் இந்தச் சின்ன வேலைக்கு, கழிவான பிறகு செய்யும் பெரிய வேலையைவிடச் செலவு குறைவு.

இப்போது செய்ய இருப்பது

இன்றைய நொய்யலில் ஓடுவதில் பெரும்பகுதி ஊர்ச் சாக்கடை. கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரை வீடுகளின் கழிவுநீர் வந்து சேர்கிறது. சாயக்கழிவோடு ஒப்பிட்டால் சாக்கடை நுண்ணுயிரிக்கு விருந்து: உப்பு குறைவு, சூடு இல்லை, தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளம். கோயம்புத்தூர் உக்கடத்தில் நாளுக்கு 7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் அளவில் கட்டிய நிலையம் இதே பாக்டீரியாக்களை நம்பித்தான் ஓடுகிறது. இங்கே தொழில்நுட்பம் தடையே இல்லை. ஒவ்வொரு வீட்டுக் குழாயும் நிலையத்துக்குப் போய்ச் சேரும் பாதாளச் சாக்கடை, தடையில்லாத மின்சாரம், ஜாடியைப் பார்க்கத் தெரிந்த ஆபரேட்டருக்கு ஒழுங்கான சம்பளம், இவை மூன்றும்தான் பாக்கி.

கிணறுகளின் கதை வேறு. அணையைச் சுற்றிய தோட்டங்களில் உப்பு ஏறிய நிலத்தடி நீருக்கு எந்தக் கல்ச்சரும் மருந்தாகாது. நல்ல மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கி, பழைய உப்பை மெல்ல நீர்க்கச் செய்வது ஒன்றே அங்கே கைக்கு எட்டும் வழி. அதற்குக் குளங்களைத் தூர்வாரி, வாய்க்கால்களைத் திறந்து, வெள்ளக்காலத்து நொய்யல் தண்ணீர் அவற்றில் தேங்கும்படி செய்ய வேண்டும். மழை முதல் வெள்ளத்தில் ஆற்றின் கசடை அடித்துக்கொண்டு வரும். அதைக் குளத்துக்குள் விடாமல் போகவிட்டு, இரண்டாவது வெள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்கிறார்கள். டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை மதகில் வைத்துக்கொண்டு, எண் இறங்கிய பிறகு மதகைத் திறப்பது எந்தப் பஞ்சாயத்தாலும் முடிகிற காரியம்.